அத்தியாயம் 6: தலையில் அடிபட்ட பிள்ளை

கார்னர் கிக். பந்து வளைந்து பெனால்டி ஏரியாவுக்குள் வருகிறது. ஸ்டாப்பர் ஆடும் பையன் முன்னால் பாய்கிறான். எதிரணி ஃபார்வர்டு பின்னாலிருந்து எம்புகிறான். பந்து இருவருக்கும் எட்டாமல் போய்விட, தலையும் தலையும் மோதுகின்றன. இரண்டு தேங்காயை மோதவிட்டதுபோல் ஒரு சத்தம், மைதானத்தின் மறுகோடி வரைக்கும் கேட்கும். ஒருவன் தலையைத் தேய்த்துக்கொண்டே எழுந்துவிடுகிறான். இன்னொருவன் முழங்காலிட்டபடி புல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். சுற்றி நிற்கும் பிள்ளைகளில் யாராவது சொல்வார்கள்: “இன்னொரு தடவை முட்டிக்கோங்கடா, இல்லன்னா கொம்பு முளைச்சிடும்!”

நாமெல்லாம் கேட்டு வளர்ந்த பேச்சு. ஒருமுறை முட்டினால் கொம்பு முளைக்கும், இன்னொருமுறை முட்டினால் சரியாகிவிடும். இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போவது அதற்கு நேர் எதிரானது. கால்பந்து ஆடும் பிள்ளைக்கு முதல் அடியைவிட அஞ்ச வேண்டியது, அது ஆறும் முன்னே விழும் இரண்டாவது அடி. முதல் அடியை எல்லா நேரமும் தடுத்துவிட முடியாது. இரண்டாவதைத் தடுப்பது முழுக்க நம் கையில் இருக்கிறது. பிள்ளையை வெளியே கூட்டி வந்து உட்கார வைத்து, அன்றைக்குத் திரும்ப இறக்காமல் இருக்க வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது

அடிபட்ட தலைக்குள் நடப்பதை மருத்துவர்கள் கன்கஷன் என்பார்கள். தமிழில் மூளை அதிர்வு. மண்டையோட்டுக்குள் மூளை ஒரு திரவத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. ஓடுகிற பஸ் சடன் பிரேக் போட்டால் நின்றுகொண்டிருப்பவர்கள் முன்னால் போய் விழுவதுபோல, தலை சட்டென்று நிற்கும்போதோ வெடுக்கென்று திரும்பும்போதோ மூளை உள்ளே குலுங்குகிறது. நரம்பணுக்களின் மெல்லிய இழைகள் இழுபடுகின்றன. அணுக்களுக்கு வெளியே இருக்க வேண்டிய கால்சியம் உள்ளே புகுகிறது, உள்ளே இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே கசிகிறது. அதைச் சரிக்கட்ட மூளைக்கு வழக்கத்தைவிட அதிகச் சக்தி வேண்டும். ஆனால் அதே நேரத்தில் மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்துபோகிறது. செலவு கூடி வரவு குறைந்த வீட்டில் இன்னொரு பெரிய செலவு வந்தால் என்னவாகும்? இரண்டாவது அடி அப்படிப்பட்டது.

இதற்குத் தலையில்தான் அடிபட வேண்டும் என்பதில்லை. மார்பிலோ முதுகிலோ விழுந்த இடியில் தலை உதறிக்கொண்டாலும் மூளை அதிரும். ரத்தம் வராது, வீக்கம்கூட இல்லாமல் போகலாம். பெரும்பாலானவர்களுக்கு நினைவு தப்புவதும் இல்லை. “மயக்கம் போட்டு விழலையே, அப்புறம் என்ன?” என்று யாராவது கேட்டால் அந்தப் பேச்சுக்கு மயங்காதீர்கள்.

இந்த இரண்டாவது அடியைத் தடுக்க ஒரு சட்டமே இருக்கிறது. 2006 அக்டோபரில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், 13 வயது சாக்கரி லிஸ்டெட் தன் பள்ளிக்காக அமெரிக்கக் கால்பந்து ஆடினான். நம் கால்பந்து அல்ல, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற ஆட்டம். முதல் பாதி முடியும் தறுவாயில் தலையில் அடிபட்டது. சிறிது நேரம் வெளியே உட்கார்ந்திருந்துவிட்டு, இரண்டாம் பாதியில் திரும்ப இறங்கினான். ஆட்டம் முடிந்ததும் சுருண்டு விழுந்தான். மூளையில் ரத்தக்கசிவு, மண்டையோட்டைத் திறந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். உயிர் பிழைத்தான். பேசவும் நிற்கவும் மறுபடி கற்றுக்கொள்ள ஆண்டுகள் பிடித்தன. அவனும் அவன் பெற்றோரும் ஓயாமல் போராடியதால் 2009-இல் அந்த மாநிலம் லிஸ்டெட் சட்டத்தை இயற்றியது. மூளை அதிர்வு என்று சந்தேகம் வந்தாலே பிள்ளையை வெளியே எடுக்க வேண்டும்; உரிமம் பெற்ற மருத்துவத் துறையினர் எழுத்தில் அனுமதி தராமல் திரும்ப இறக்கக் கூடாது. 2014-க்குள் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இதுபோன்ற சட்டம் வந்துவிட்டது.

நம் பள்ளி மைதானங்களில் அந்தச் சட்டத்தின் வேலையைப் பயிற்சியாளரும் பெற்றோரும்தான் செய்ய வேண்டும்.

நான் தவறவிட்ட நாள்

பயிற்சியாளராகச் சேர்ந்த புதிதில் ஒரு குறுவட்டப் போட்டி. எங்கள் கீப்பர், எட்டாம் வகுப்புப் பையன், உருண்டு வந்த பந்தைப் பாய்ந்து பிடித்தபோது எதிரணிப் பையனின் முழங்கால் அவன் காதுக்கு மேலே பட்டது. ஓடிப்போய் முகத்தில் தண்ணீர் தெளித்தேன். “பேர் என்னடா?” என்று கேட்டேன். சொன்னான். “இது எத்தனை?” என்று விரலைக் காட்டினேன். “ரெண்டு சார்.” முதுகில் தட்டிக் கோல் போஸ்ட்டுக்கு அனுப்பிவிட்டேன். ஜெயித்தோம்.

திரும்பி வரும்போது வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். “சார், எத்தனை கோல் சார்?” என்றான். சொன்னேன். பாலம் தாண்டியதும் மறுபடி, “சார், எத்தனை கோல் சார்?” விளையாடுகிறான் என்று நினைத்தேன். மூன்றாவது முறை அதே குரலில், அதே வார்த்தைகளில் கேட்டபோது எனக்கு உடம்பு சில்லிட்டது. அடுத்த சிக்னலில் வாந்தி எடுத்தான். ஆறு வாரம் கழித்து நல்லபடியாகத் திரும்ப ஆட வந்தான். ஆனால் அன்று இரண்டாம் பாதி முழுக்க, இன்னொரு முழங்கால் அவன் தலையைத் தேடி வந்திருக்கலாம். அதை நினைக்காமல் இன்றுவரை நான் ஒரு போட்டிக்கும் போனதில்லை.

பெயரும் விரல் எண்ணிக்கையும் எதையும் காட்டாது. தன் பெயரை மறக்கும் அளவுக்குப் போனவனுக்கு நாம் கேட்கவே தேவையில்லை, பார்த்தாலே தெரியும். ஆஸ்திரேலியாவில் மடாக்ஸ் என்ற நரம்பு உளவியலாளரும் உடனிருந்தவர்களும் 1995-இல் வேறு வகைக் கேள்விகளைச் சோதித்துப் பார்த்தார்கள். இப்போது எந்த மைதானத்தில் இருக்கிறோம்? முதல் பாதியா, இரண்டாம் பாதியா? கடைசியாக கோல் போட்டது யார்? போன ஆட்டம் யாருடன்? அதில் ஜெயித்தோமா? அடிபட்ட மூளை தடுமாறுவது இந்தச் சற்று முந்தைய நினைவுகளில்தான். பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளையிடம், “சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா? கடைசி பீரியட் என்ன? டீச்சர் பேர் என்ன?” என்று கேளுங்கள்.

ஒரு பதில் பிசகினாலும் வெளியே. அத்தனையும் சரியாகச் சொன்னாலும், அது ஆடலாம் என்பதற்கான அனுமதி ஆகாது. 2014 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில், ரியோவின் மரக்கானா மைதானத்தில், ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமர் 17-ஆவது நிமிடத்தில் அர்ஜென்டினா வீரர் கராயின் தோளில் மோதி விழுந்தார். எழுந்தார், தொடர்ந்து ஆடினார். சிறிது நேரத்தில் நடுவர் ரிஸோலியிடம் போய், இது இறுதிப் போட்டிதானா என்று கேட்டார். நடுவர் அதை ஸ்வைன்ஸ்டைகரிடம் சொன்னார். 31-ஆவது நிமிடத்தில் கிராமரை வெளியே எடுத்தார்கள். உலகம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்திலேயே மருத்துவர்கள் இருக்க, பதினான்கு நிமிடம் போய்விட்டது.

கண்ணால் பார்க்க வேண்டியவை

அடி விழுந்த கணத்திலிருந்து பிள்ளையை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். விழுந்தவன் அசையாமல் கிடந்தானா, எழ நேரம் எடுத்தானா, எழுந்ததும் கால் பின்னியதா, பார்வை எங்கோ நிலைகுத்தி நிற்கிறதா, தன் இடத்தை விட்டு வேறு இடத்தில் போய் நிற்கிறானா, கேட்ட கேள்விக்கு வழக்கத்தைவிடத் தாமதமாகப் பதில் சொல்கிறானா என்று பாருங்கள்.

பிள்ளை வாயால் சொல்வது பெரும்பாலும் “தலை வலிக்குது” என்று தெளிவாக வராது. “ஒரு மாதிரி இருக்கு சார்” என்பான். தலை சுற்றல், குமட்டல், வெளிச்சமும் சத்தமும் எரிச்சலூட்டுவது, கண் மங்கல், மந்தம், எல்லாம் அந்த ‘ஒரு மாதிரி’க்குள் அடக்கம். காரணமில்லாமல் அழுவதும் சிடுசிடுப்பதும்கூட அறிகுறிதான். சில பிள்ளைகளுக்கு எல்லாம் சில மணி நேரம் கழித்து, சிலருக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் தெரியவரும்.

பிள்ளைகள் மறைப்பார்கள். செலக்‌ஷன் நடக்கிறது, ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்குச் சான்றிதழ் வேண்டும், அப்பா லீவு போட்டுவிட்டு வந்து பார்த்துக்கொண்டிருக்கிறார், உட்கார்ந்தால் அந்த இடம் இன்னொருவனுக்குப் போய்விடும். எனவே அடிபட்டவனிடம் “ஆடுறியா?” என்று கேட்கவே கேட்காதீர்கள். அவனுடைய பதில் எப்போதும் “ஆடுறேன் சார்” தான். முடிவு உங்களுடையது. வயதில் மூத்தவர் யாரும் இல்லாத டர்ஃப் ஆட்டங்களில் இந்தப் பொறுப்பு அணித் தோழர்களுடையது. சீசன் தொடங்கும்போதே என் பிள்ளைகளிடம் ஒன்று சொல்லிவிடுவேன்: “அவன் மறைச்சா நீ வந்து சொல்லு. அது கோள் மூட்டுறது இல்ல.”

108-ஐ உடனே அழைக்க வேண்டிய நேரம்

நினைவு தப்பினால், அது சில நொடிகளே ஆனாலும். வலிப்பு வந்தால். கழுத்து வலித்தால். கை கால் மரத்தாலோ, பலம் குறைந்தாலோ, ஊசி குத்துவதுபோல் இருந்தாலோ. பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தால். தலைவலி ஏறிக்கொண்டே போனால். வாந்தி ஒன்றுக்கு மேற்பட்ட முறை வந்தால். போகப்போகக் குழப்பமும் தூக்கமும் கூடினால், அல்லது அமைதியான பிள்ளை கட்டுக்கடங்காமல் முரண்டு பிடித்தால். இதில் எது வந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

நினைவில்லாமல் கிடப்பவனுக்குக் கழுத்திலும் அடி இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கையையும் காலையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் நம் மைதானங்களில் நான் அடிக்கடி காணும் ஆபத்து. கிடந்த இடத்திலேயே இருக்கட்டும். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, தலையும் கழுத்தும் அசையாமல் இரு கையாலும் தாங்கிக்கொள்ளட்டும். மூச்சு வருகிறதா என்று பாருங்கள். மூச்சு இல்லையென்றால் மார்பை அழுத்தும் முதலுதவிதான் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால். வாந்தி வந்தால் தலை, கழுத்து, உடம்பு மூன்றும் ஒரே கட்டையாக இருக்கும்படி நாலு பேர் சேர்ந்து பக்கவாட்டில் திருப்புங்கள். சோடா தெளிப்பது, உலுக்குவது, உட்கார வைத்து வாயில் தண்ணீர் ஊற்றுவது எதுவும் வேண்டாம். வலிப்பு வந்த கையில் சாவியைத் திணித்து ஒரு பயனும் இல்லை. பக்கத்தில் இருக்கும் கல்லையும் பாட்டிலையும் விலக்கிவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

“ஸ்கேன் நார்மல், ஒண்ணும் இல்லயாம்”

இந்த ஒரு வாக்கியம் எத்தனையோ பிள்ளைகளை மூன்றாம் நாளே மைதானத்துக்கு அனுப்பியிருக்கிறது. சி.டி. ஸ்கேன் தேடுவது ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும். மூளை அதிர்வு என்பது மூளை வேலை செய்யும் விதத்தில் ஏற்படும் கோளாறு. அது படத்தில் விழாது. ஸ்கேன் நார்மல் என்றால் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை என்று நிம்மதியடையலாம், அவ்வளவே. அடிபட்ட எல்லாப் பிள்ளைக்கும் ஸ்கேன் தேவையும் இல்லை. அதில் கதிர்வீச்சு உண்டு. சில மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால் அது அலட்சியம் ஆகாது. ஆபத்து அறிகுறி ஏதும் இல்லாத பிள்ளையையும் அன்றோ மறுநாளோ ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

முதல் இரவு

அம்மாக்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்: “தூங்க விடலாமா சார்? தூங்கினா கோமாவுக்குப் போயிடும்னு சொல்றாங்களே.” மருத்துவர் பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிட்டாரென்றால் தூங்கலாம். தூக்கம்தான் மூளைக்கு மருந்து. மணிக்கொரு தரம் எழுப்பி வதைக்க வேண்டாம். நடுவில் எழுப்பிப் பார்க்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தால் மட்டும் அதன்படி செய்யுங்கள். ஆனால் அன்று இரவு பிள்ளை தனியறையில் படுக்கக் கூடாது. யாராவது பக்கத்தில் படுத்து, மூச்சும் புரளுவதும் வழக்கம்போல் இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

வலிக்கு பாரசிட்டமால், எடைக்கேற்ற அளவில், மருத்துவரைக் கேட்டு. ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம்; இபுப்ரோஃபெனும் முதல் இரண்டு நாள் வேண்டாம். ரத்தக்கசிவு இருந்தால் அவை அதைக் கூட்டக்கூடும். கழுத்துப் பிடிப்பு என்று சுளுக்கு எடுப்பவரிடமோ, தலையைச் சொடுக்கி விடுபவரிடமோ கூட்டிப்போகாதீர்கள். சைக்கிளோ வண்டியோ ஓட்ட வேண்டாம்.

இருட்டறையும் கிரவுண்டும்

முன்பெல்லாம் தலைவலி முழுதாகப் போகும்வரை இருட்டறையில் படுக்க வைப்பார்கள். இப்போது மருத்துவம் மாறிவிட்டது. 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய பன்னாட்டு நிபுணர்கள், நீண்ட முழு ஓய்வு குணமாவதைத் தாமதப்படுத்துகிறது என்பதைத் தெளிவுபடுத்தினார்கள். முதல் 24 முதல் 48 மணி நேரம் வீட்டோடு இருக்கட்டும், செல்போனைக் குறைத்துக்கொள்ளட்டும், வீட்டுக்குள் நடமாடட்டும். அதற்குப் பிறகு மெதுவாக நடக்கலாம். நடக்கும்போது தலைவலி சற்றே தலைகாட்டி ஒரு மணி நேரத்துக்குள் அடங்கினால் பயமில்லை. அதைவிடக் கூடினால் அன்றைக்கு நிறுத்திவிட்டு, மறுநாள் குறைவாகத் தொடங்கலாம்.

முதலில் பள்ளிக்கூடம், அப்புறம்தான் மைதானம். ஒரு பாடத்தை உட்கார்ந்து கவனிக்க முடியாத மூளையை எகிறிவரும் பந்தின் முன்னால் நிறுத்தக் கூடாது. பள்ளிக்கு அரை நாளில் தொடங்குங்கள். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வெயிலில் நிற்பது, ஹாரன் அலறும் பஸ்ஸில் ஒரு மணி நேரம் போவது, மாலை டியூஷன், இந்த மூன்றும்தான் நம் பிள்ளைகளை அதிகம் வாட்டுகின்றன. வகுப்பாசிரியரைப் பார்த்துப் பேசுங்கள். கை உடைந்திருந்தால் மாவுக்கட்டைப் பார்த்ததும் எல்லோரும் விட்டுக்கொடுப்பார்கள். இதற்குக் கட்டு இல்லை என்பதால் “நடிக்கிறான்” என்ற பேச்சு சுலபமாக வந்துவிடும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் திருப்புதல் தேர்வைத் தள்ளிவைக்கக் கேட்பதில் வெட்கமில்லை.

பள்ளி முழு நேரமும் தலைவலி இல்லாமல் கழிந்த பிறகு ஆட்டம். நடை, பிறகு மெல்லோட்டம், பிறகு தனியாகப் பந்தோடு ஓடுவது, பிறகு அணியோடு பாஸிங். இவை எதிலும் தலைக்கு வேலையில்லை, ஆள் மீது ஆள் இடிப்பதும் இல்லை. ஒவ்வொரு படியிலும் குறைந்தது ஒரு முழு நாள். ஒரு படியில் அறிகுறி திரும்பினால் ஒரு படி இறங்குங்கள். அதன் பிறகு மருத்துவரின் எழுத்து அனுமதி. அனுமதி வந்ததும் முழுப் பயிற்சி, கடைசியாகப் போட்டி. பிரிட்டனில் 2023-இல் வெளியிட்ட பொது வழிகாட்டுதல், 14 நாள் அறிகுறியே இல்லாமல் கழிந்த பிறகுதான் தலையில் இடிபடக்கூடிய பயிற்சி என்கிறது; போட்டிக்கு 21-ஆம் நாளுக்கு முன்னால் கிடையாது. மருத்துவர் எளிதில் கிடைக்காத ஊர்களுக்கு இந்தக் கணக்கையே நான் பரிந்துரைக்கிறேன். காலண்டரில் வட்டம் போட்டுவிட்டால் வீட்டில் வாக்குவாதம் மிச்சம். நான்கு வாரம் ஆகியும் தலைவலியோ தலைசுற்றலோ விடவில்லை என்றால் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். கழுத்துக்கும் உடல் சமநிலைக்குமான பிசியோதெரபி பலருக்கு நன்றாகக் கைகொடுக்கிறது.

ஹெட்டிங் பழக்குவது

மூளை அதிர்வில் பெரும்பாலானவை பந்தைத் தலையால் அடிப்பதால் வருவதில்லை. தலையால் அடிக்கப் போகும் இடத்தில் இன்னொரு தலையோ முழங்கையோ மோதுவதால் வருகின்றன. ஆனாலும் அமெரிக்காவில் நம் கால்பந்தை நடத்தும் கூட்டமைப்பு 2015-இலேயே பத்து வயது வரை ஹெட்டிங்கைத் தடுத்துவிட்டது. இங்கிலாந்து 2020-இல் தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளின் பயிற்சியிலிருந்து அதை நீக்கியது. நானும் அப்படியே செய்கிறேன். பெரியவர்களின் ஐந்தாம் எண் பந்தைச் சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்கு நான்காம் எண். கல்லுபோல் காற்றடித்த பந்தும், மழையில் ஊறிக் கனத்த பழைய பந்தும் ஹெட்டிங் பயிற்சிக்கு ஆகாது.

போட்டி நடத்துகிறவர்களுக்கு ஒன்று. 2024 ஜூலை முதல், மூளை அதிர்வுக்காக வெளியேறும் வீரருக்குப் பதிலாகக் கூடுதலாக ஒரு மாற்று வீரரை இறக்கிக்கொள்ள ஆட்ட விதிகளே இடமளிக்கின்றன. போட்டி நடத்துபவர்கள் அதை ஏற்றுக்கொண்டால் போதும். தொடக்க நாள் மேனேஜர்கள் கூட்டத்தில் அதை அறிவித்துவிடுங்கள். சப்ஸ்டிட்யூட் தீர்ந்துவிட்டது என்பதற்காக அடிபட்ட பிள்ளையை மைதானத்திலேயே விட்டுவைக்கும் நிலை யாருக்கும் வராது.

திரும்பி வந்தவன் பயப்படுவான். முதல் கார்னரில் கண்ணை மூடிக்கொள்வான், தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொள்வான். அப்படி எம்பினால் மறுபடி அடிபடும். அதனால் ஒரு வாரம் கார்னருக்கு அவனைப் பெனால்டி ஏரியாவுக்கு வெளியே நிறுத்துங்கள். பயிற்சி முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு, லேசான ரப்பர் பந்தைக் கையால் தூக்கிப் போட்டு, கண்ணைத் திறந்தபடி நெற்றியில் வாங்கப் பழக்குங்கள். அன்றைக்குப் பத்துப் பந்து போதும்.